அவுரி போட்டும் கறுக்கவில்லை

9 மார்ச் 2024, கோபியிலிருந்து ஒரு வாசகி கேட்டது

நரை கறுக்கட்டும் என்று மருதாணி போட்டு மூன்று மணி நேரம் வைத்தேன். அலசிவிட்டு அவுரி இலைத்தூள் போட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முடி கேரட் நிறத்தில் அப்படியே இருக்கிறது. பங்குனியில் அண்ணன் மகள் கல்யாணம். வருகிற ஒறம்பரை (சொந்தபந்தம்) பொண்ணைப் பார்க்காது, என் தலையைத்தான் பார்க்கும். மருதாணி நிஜம், அவுரி என்பது விற்கிறவர்கள் கட்டிவிட்ட கதை என்று முடிவுக்கே வந்துவிட்டேன். யாருக்காவது நிஜமாகக் கறுத்திருந்தால் சத்தியம் பண்ணிச் சொல்லுங்கள்.

9 மார்ச், இரவு

சத்தியம். என் அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. பதிமூன்று வருடமாக நான்தான் போட்டுவிடுகிறேன். கறுக்கும்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவுரியைக் கரைத்துப் பத்து நிமிடம் கழித்து மேலாக நீலம் படர்ந்ததா, பச்சையாகவே கிடந்ததா?

10 மார்ச்

"கடைசி வரை பச்சைதான். காய்ந்ததும் பழுப்பு" என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் அது நம் அவுரியே இல்லை.

இந்தப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். சாயம் தருவது நீலி என்கிற அவுரி. திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிறது. ஆனால் தூத்துக்குடி, சாத்தூர்ப் பக்கம் போய் அவுரி என்றால் விவசாயி காட்டுவது நிலாவிரையை. பேதிக்குக் கொடுப்பார்களே, வெளிநாட்டுக்கு மூட்டை மூட்டையாகப் போகிறதே, அது. இரண்டும் பச்சைத் தூள்தான். கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவர் ஊரில் அதற்கு அதுதான் பெயர். 2012இல் நான் வாங்கியது கால் கிலோ. அம்மாவின் தலை ஆரஞ்சிலிருந்து கொஞ்சம் மஞ்சளாக மாறியதுதான் மிச்சம். நல்லவேளை தலையில் போட்டோம், குடிக்கவில்லை.

வாங்கும்போது அவுரி என்று மட்டும் கேட்காதீர்கள். "தலைக்குப் போடுகிற நீலி, நீலச் சாய அவுரி" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டு ஸ்பூன் தூளைப் போட்டுச் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்து வையுங்கள். காப்பி குடித்துவிட்டு வந்து பாருங்கள். நிஜ அவுரி என்றால் மேலே ஒரு ஆடை கட்டியிருக்கும். பாலாடை மாதிரி, ஆனால் நிறம் கத்தரிப்பூ ஊதாவும் நீலமும் கலந்தது. பெட்ரோல் சிந்திய தண்ணீர்போல மினுங்கும். கரண்டியால் கீறினால் அடியில் பச்சை, கீறிய இடமும் கொஞ்ச நேரத்தில் நீலமாக மூடிக்கொள்ளும். வாசனை, மழையில் நனைந்த சோளத்தட்டுப் போரைப் பிரித்தால் வருமே, அதேதான்.

10 மார்ச், பொழுதோட

திருத்தம். மேலே சுடுதண்ணீர் என்று எழுதிவிட்டேன். தப்பு, கொதிக்கிற தண்ணீர் விட்டுவிடாதீர்கள். பச்சைக் குழந்தைக்குத் தண்ணி வார்க்கிற சூடு போதும். இலையில் இருப்பது நீலம் அல்ல, நீலமாகப் போகிற ஒரு சரக்கு. அதற்கு இண்டிகன் என்று பெயர். இலையிலேயே உள்ள நொதி அதை உடைத்துவிட்ட பிறகு காற்றுப் பட்டு நீலமாகிறது. கொதிநீர் விட்டால் நொதி செத்துப்போகும். நிஜ அவுரியையே போலி என்று தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

12 மார்ச்

நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மருத்துவன் இல்லைங்க, அழகு நிலையமும் இல்லை. திருப்பூரில் சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருடம். பனியன் துணிக்குச் சாயம் போட்டவன். 2011 ஜனவரியில் நொய்யல் ஆறு கெட்டதென்று உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதே, அப்போது மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கை சும்மா இருக்கவில்லை. அம்மாவின் தலை கிடைத்தது.

16 மார்ச்

முழு முறையும் எழுதச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டார்கள். அம்மாவுக்குச் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

முந்தின நாள் அரப்புப் போட்டுத் தலைக்குத் தண்ணி வார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் சுத்தமாகப் போக வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பட்டறையில் துணியை ஸ்கவரிங் பண்ணாமல், அதாவது எண்ணெய்ப்பசை போகக் கழுவாமல், சாயத்தொட்டியில் இறக்கினால் திட்டுத் திட்டாக வரும், அந்த லாட்டு முழுக்க நம் சம்பளத்தில் கழியும். தலையும் துணிதான். தேங்காய் எண்ணெய் ஊறின தலையில் மருதாணி வழுக்கிக்கொண்டு ஓடும்.

ராத்திரி மருதாணித் தூளைக் கரைக்கிறேன். தோள் வரை முடிக்கு நூறு கிராம், இடுப்பு வரை என்றால் இருநூறுக்குமேல் ஆகும். புளிப்பு வேண்டும்: எலுமிச்சை பிழியலாம், ஆனால் உச்சந்தலை வறண்டு அரிக்கும். நான் நெல்லிக்காய்ப் பொடி இரண்டு கரண்டி சேர்க்கிறேன். அதுவே புளிப்பு, ஆரஞ்சையும் கொஞ்சம் அடக்கும். இட்லி மாவைவிட ஒரு படி கெட்டி. மூடி வைத்தால் காலையில் மேல்பக்கம் பழுப்பும் அடியில் பச்சையுமாக இருக்கும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். ஆரஞ்சு ஒட்டியிருந்தால் சாயம் இறங்கியாயிற்று.

போட்டு இரண்டரை மூன்று மணி நேரம். காயவிடக் கூடாது, காய்ந்தால் வேலை நின்றுபோகும். பாலித்தீன் பை போட்டுக் கட்டுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் அலசு, அலசு, அலசு.

இப்போது அவுரி. இது மருதாணிக்கு நேர் எதிர்க் குணம். மருதாணி புளிப்பு கேட்கும், ராத்திரி முழுக்க ஊறும். அவுரிக்குப் புளிப்பு ஆகாது. ஊறவும் கூடாது. வெதுவெதுப்பாகக் கரைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலைக்கு ஏற ஆரம்பிக்க வேண்டும், அரை மணியில் ஏற்றி முடித்துவிட வேண்டும். ஒரேயடியாகக் கரைத்து வைத்துக்கொண்டு நிதானமாக வகிடு வகிடாகப் போட்டால் கடைசிக் கரண்டி வெறும் சேறு. இரண்டு தவணையாகக் கரைப்பேன். பின்னந்தலைக்கு ஒன்று, முன்னந்தலைக்கு ஒன்று. ஒன்றரை மணி நேரம் வைத்து அலசினால் தண்ணீர் பச்சையும் நீலமுமாக ஓடும். பயப்படாதீர்கள்.

அன்று முடி பார்க்கச் சகிக்காது. கறுப்பா, நீலமா, பச்சையா என்று தெரியாது. அடுத்த நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள்தான் நிஜக் கறுப்பு. அதுவரை ஷாம்பு, சீயக்காய், அரப்பு எதுவும் கூடாது. தலையணைக்குப் பழைய துண்டு.

கோபிக்காரருக்கு: கல்யாணத்துக்கு முந்தின நாள் போட்டுக்கொள்ளாதீர்கள். நாலு நாள் இடைவெளி விடுங்கள்.

16 மார்ச், இரவு

உப்பு விட்டுப்போயிற்றே என்று இரண்டு பேர். அவுரியில் ஒரு சிட்டிகை போடுவார்கள். நான் போட்டும் போடாமலும் பார்த்திருக்கிறேன், என் கண்ணுக்கு ஒரே ஷேடுதான். பட்டறையில் உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுவது பருத்திக்கு. முடி பருத்தி இல்லை.

18 மார்ச்

கரூர்க்காரர் கேட்கிறார்: "பட்டறைக்கு வருகிற இண்டிகோ நீலத்தூள் வீட்டில் இருக்கிறது, அதைப் போடலாமா? இலையை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?"

போடவே போடாதீர்கள். அது ஏற்கனவே நீலமாகி முடிந்த சரக்கு. தண்ணீரில் கரையாது, முடிக்குள் நுழையாது. அதைக் கரைய வைக்க ஹைட்ரோஸ், காஸ்டிக் சோடா என்கிற பட்டறைக் கெமிக்கல்கள் வேண்டும். அந்தக் காஸ்டிக்கை உச்சந்தலையில் விட்டால் கறுக்கத் தலையில் முடி இருக்காது. இலைத்தூளின் மகிமையே, அது இன்னும் நீலமாகாமல் இருப்பதுதான்.

இன்னொருவர் வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் போதாதா என்கிறார். வேட்டியை வேண்டுமானால் தலையில் கட்டிக்கொள்ளலாம்.

27 மார்ச்

கோபியிலிருந்து செய்தி. புதுத்தூளை டம்ளரில் வைத்தாராம், ஆடை கட்டியதாம். தலைக்கும் போட்டாயிற்று. "மூணாம் நாள் கண்ணாடி பார்த்து நானே திடுக்கிட்டேன். ஆனா காதோரம் மட்டும் பச்சையடிக்குதுங்க."

காதோரத்தில் மருதாணி சரியாகப் படியவில்லை. நரையில் அவுரி நேராக விழுந்தால் பாசி பிடித்த தொட்டி மாதிரிதான் வரும். சிவப்பு அடியில் இருந்தால்தான் நீலம் மேலே ஏறிக் கறுப்பாகும். மருதாணியில் உள்ள லாசோன் முடியின் புரதத்தோடு நேராகப் பிணைந்துகொள்ளும், அவுரிக்கு அந்தப் பிடிப்புக் கிடையாது. காதோரத்துக்கு மட்டும் திரும்ப மருதாணி ஒரு மணி நேரம், பின்னால் அவுரி. மற்ற இடத்தைத் தொட வேண்டாம்.

எனக்கு இது மீசையில் நடந்தது. மருதாணி மீசையோடு மூன்று மணி நேரம் எவன் உட்காருவான் என்று நேராக அவுரியைத் தடவினேன். மறுநாள் மச்சான் வீட்டுச் சீர். பந்தியில் ஒரு வயசான அப்பாரு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ஏஞ் சாமி, பேனா கடிச்சியா?" என்றார்.

2 ஏப்ரல்

இரும்பு வடச்சட்டி பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். தேயிலை டிகாஷன் விட்டு வடச்சட்டியில் மருதாணியைக் குழைத்து ராத்திரி வைத்தால் காலையில் கறுப்பாக இருக்கும், அதனால் முடியும் கறுக்கும் என்பது ஊர் நம்பிக்கை. அது மை. தேயிலையிலும் கடுக்காயிலும் நெல்லியிலும் இருக்கிற துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும், அந்தக் காலத்தில் எழுதின மையே அப்படிச் செய்ததுதான். சட்டி கறுத்தால் முடி கறுத்ததாக அர்த்தமா? சும்மா கதை.

முட்டை, தயிர், காப்பித்தூள் கலப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். முட்டையும் புரதம், முடியும் புரதம். சாயத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது, முதலில் முட்டையைத்தான் பிடிக்கும். பீட்ரூட் குளித்தால் போச்சு. செம்பருத்தி, கரிசலாங்கண்ணி தலைக்கு நல்லது, ஆனால் நரையில் நிற்கிற சாயம் இல்லை.

21 ஏப்ரல்

மேலே வடச்சட்டியைச் சும்மா கதை என்றதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

சொன்னதை வீட்டுக்காரி படித்துவிட்டாள். "சோதிச்சுப் பாத்துட்டா எழுதுனீங்க?" என்றாள். இல்லை. பட்டறையில் லேப் டிப் (சின்னத் துண்டில் சாயம் போட்டுப் பார்ப்பது) போடாமல் ஒரு லாட்டும் இறக்கியதில்லை, இங்கே வாயாலேயே இறக்கிவிட்டேன்.

அம்மா சீப்பில் வருகிற முடியைச் சுருட்டி ஒரு பழைய டப்பாவில் போட்டு வைப்பவர். முன்பெல்லாம் சவுரிக்கும் பாத்திரத்துக்கும் மாற்றுவார்கள், இப்போது யாரும் வருவதில்லை, பழக்கம் மட்டும் மிச்சம். அதிலிருந்து சாயம் ஏறாத நரையாகப் பொறுக்கி அரப்பில் கழுவி, ஆறு கற்றையாக நூலால் கட்டினேன். வெறும் மருதாணி. மருதாணியும் நெல்லியும். வடச்சட்டியில் மருதாணியும் தேயிலையும். வடச்சட்டியில் மருதாணியும் கடுக்காயும். மருதாணி, அவுரி சமமாகக் கலந்து ஒரே தடவை. மருதாணி முதலில், அவுரி பிறகு.

மூன்றாம் நாள் ஜன்னலோரம் வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தோம். வெறும் மருதாணி, கேரட் நிறம். நெல்லி போட்டது கொஞ்சம் அடங்கியிருந்தது. வடச்சட்டித் தேயிலை அதைவிட அரை ஷேடு கூட. கடுக்காய் போட்டது நிஜமாகவே பழுப்பு, காசுக்கட்டி நிறம் என்றே சொல்லலாம். கறுப்பு இல்லை, ஆனால் கதையும் இல்லை. ஐந்தாவது நல்ல தேங்காய் ஓட்டு நிறம். ஆறாவது மட்டும்தான் கறுப்பு.

அத்தோடு விடவில்லை. எல்லாவற்றையும் ஷாம்புவில் ஆறு தடவை கழுவினேன். கடுக்காய்க் கற்றை பாதி இறங்கிவிட்டது, மை கழுவிக்கொண்டு போகிறது. ஆறாவது லேசாக இறங்கியது. மருதாணி அசையவே இல்லை.

வீட்டுக்காரிக்கு ஆறாவது பிடிக்கவில்லை, ஐந்தாவதுதான் பிடித்தது. "அம்பது வயசுக்கு மேல கரிக்கட்டை மாதிரி தலை எதுக்கு?" அவளுக்கு இனிமேல் சமபங்குதான். கலந்து போடுபவர்களுக்கு: மருதாணியைத் தனியாக ராத்திரி ஊறவையுங்கள், நெல்லியும் எலுமிச்சையும் வேண்டாம். அவுரியைத் தலைக்குப் போடும் நேரத்தில் கரைத்து அதில் சேருங்கள். இரண்டு பங்கு அவுரி என்றால் இன்னும் கொஞ்சம் கறுப்பு.

23 ஏப்ரல்

வெயில் ஞாபகம் வந்தது. ராத்திரி முழுக்க ஊறவை என்றது மார்கழி, தைக் கணக்கு. இந்த வெயிலில் மருதாணி மூன்று நான்கு மணி நேரத்தில் சாயம் விட்டுவிடும், ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் கிழடாகியிருக்கும். உள்ளங்கைப் பொட்டுதான் கடிகாரம்.

11 மே

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

மச்சான் போன மாதம் சந்தையில் "கறுப்பு மருதாணி" என்று ஒரு பொட்டலம் வாங்கிப் போட்டிருக்கிறார். அரை மணியில் சுத்தக் கறுப்பு. "நீ மூணு நாள் காத்திருந்ததை நான் முப்பது நிமிஷத்துல முடிச்சுட்டேன் மாப்ளே" என்று போனில் சிரித்தார். மறுநாள் காலை கண் திறக்கவில்லை. நெற்றி, காது, கழுத்து எல்லாம் வீங்கித் தண்ணீர்க் கொப்புளம். ஊசி, மாத்திரை, பத்து நாள் கடை திறக்கவில்லை.

கறுப்பாக ஒரு மருதாணி உலகத்தில் இல்லை. அரை மணியில் கறுக்கிற பொட்டலத்தில் பாரா பினைலின் டையமின் இருக்கும், பிபிடி என்பார்கள். கடையில் விற்கிற பல டப்பா டைகளிலும் அதுதான், அங்கே அளவாவது அட்டையில் இருக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் வரும், ஆயுளுக்கும். எதைப் போடுவதாக இருந்தாலும் முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் அளவு தடவி நாற்பத்தெட்டு மணி நேரம் பார்த்துவிடுங்கள். சுத்த மருதாணியும் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். ஜி6பிடி என்கிற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கிறவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுவை உடைக்கும்.

மருதாணித் தூள் கிளிப்பச்சையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துச் சோஜத் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்தது, அதன் தூள்கூட மங்கின பச்சைதான். ஈர வெள்ளைத் துணியில் தூவிப் பாருங்கள். உடனே வாசலுக்குத் தெளிக்கிற சாணிப்பவுடர் மாதிரிப் பச்சை ஓடினால் வாசலுக்கே கொடுத்துவிடுங்கள்.

30 ஜூன்

தண்ணீர். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

என் அக்கா கோவையில் இருக்கிறாள், வீட்டுக் குழாயில் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர். எனக்குப் பல்லடம் பக்கம், ஆயிரம் அடி போர், உப்புத்தண்ணி. அதே பொட்டலம், அதே கை, அதே நேரம். அக்காவின் தலை வழவழ, என் வீட்டில் போட்டால் சொரசொர, அலசி முடிக்க மூன்று வாளி கூடுதல். போர்த் தண்ணீரின் சுண்ணாம்பு முடியில் ஏற்கனவே படிந்திருக்கிறது, அதன் மேல் சாயமும் ஏறுகிறது. பட்டறையில் தண்ணீரின் சுண்ணாம்பை நீக்குகிற சாஃப்ட்னர் பிளான்ட் வைத்தே வேலை செய்தவனுக்கு வீட்டில் இது உறைக்க எத்தனை வருடம் பாருங்கள். இப்போது கரைப்பதற்கும் முதல் அலசலுக்கும் குடிக்க வருகிற நல்லதண்ணி ஒரு குடம் ஒதுக்குகிறேன். வீட்டில் முணுமுணுப்பு உண்டு.

3 ஆகஸ்ட்

ஆடிப் பதினெட்டு. பெண்கள் எல்லோரும் பவானி கூடுதுறைக்குப் போய்விட்டார்கள், வீட்டில் நானும் அம்மாவும். அம்மா தலைக்கு வேரில் மட்டும் போடலாம் என்று திண்ணையில் உட்கார வைத்தேன். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வாரிக்கொண்டு அடிக்கிறது. பூசி முடிக்கும் முன்னே காய்ந்து பொடிப் பொடியாகக் காபிக் கிளாஸில் விழுந்தது. ஆடியில் வெளியே உட்காராதீர்கள், அவ்வளவுதான்.

அம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது வேலியோரம் மருதாணி பறித்து அம்மியில் அரைத்துக் கைக்கு வைப்பார்களாம். அவர் அம்மாயி மிச்சத்தை வழித்துத் தன் நரைக்குத் தடவிக்கொள்வாராம். "செவசெவன்னு இருக்கும். ஊர்ல எல்லாக் கெழவியும் அந்தக் கலருதான். யாரும் கேக்கல." பச்சை இலை தலைக்குத் தேறுமா என்று கேட்டேன். பிடிக்கும், ஆனால் நார் நாராகச் சிக்கி வாரி எடுக்க மறுநாள் ஆகுமாம்.

14 அக்டோபர்

கடைசித் தூள் பொட்டலம் ஆடை கட்டவில்லை. கடை மேல் தப்பில்லை, என் அலமாரியில் இரண்டு வருடம் கிடந்தது. அவுரித்தூள் கெட்டுப்போகும். காற்றுப் புகாமல் இருட்டில் வைத்தாலும் வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

அதனால் நீலி விதையே வாங்கிக் கிணற்றோரம் போட்டேன். விதைத்தோல் கெட்டி, மணலில் தேய்த்து ஒரு ராத்திரி ஊறவைத்த பிறகுதான் முளைத்தது. பதினோரு செடி முழங்கால் உயரம் வந்து, இளஞ்சிவப்பாகப் பூவும் எடுத்தது. முந்தாநாள் பக்கத்துத் தோட்டத்து வெள்ளாடு கயிறு அறுத்துக்கொண்டு வந்து ஏழைத் தின்றுவிட்டது. ஆட்டுக்கார அம்மிணியிடம் சொன்னால், "ஆடு நல்லாத்தான் இருக்குதுங்க, தாடிகூட நரைக்கல" என்கிறார்.

மீதி நாலுக்கு வேலாமுள் வெட்டிச் சுற்றியிருக்கிறேன்.